வாகையும் ஈகையும்: கேடயப் போட்டியின் வரலாறு

வெற்றி இருவகைப்படும். நெடுநாள் பொறுத்து நின்று பெறும் வெற்றி ஒன்று. ஒரு பகற்போதில் எதிர்நின்று பொருது பெறும் வெற்றி மற்றொன்று. பண்டைத் தமிழர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்ந்தனர். பகைவரது மதிலை முற்றுகையிட்டுக் கொள்ளும் போரை உழிஞை என்றனர்; வலிமையே பொருளாக இருபெரு வேந்தர் களத்தில் எதிர்ந்து பொருவதைத் தும்பை என்றனர். வென்றோர் சூடுவது வாகை. இப்பாகுபாட்டை மனத்திற் கொள்வோர்க்கு, மேனாட்டு உதைபந்தாட்டத்தின் அமைப்பு எளிதில் விளங்கும்.

இங்கிலாந்தில் உதைபந்தாட்டச் சங்கத்தின் வெற்றிக் கிண்ணப் போட்டி 1871ஆம் ஆண்டு தொடங்கிற்று. தோற்ற குழு அன்றே விலக, வென்ற குழு மேற்செல்லும். அது தும்பை போன்றது. பின்னர் 1888இல் 12 கழகங்கள் கூடி லீக் என்னும் சுற்றுத்தொடரை நிறுவின. ஒவ்வொரு கழகமும் ஏனைய பதினொன்றையும் இருமுறை எதிர்த்து, 22 ஆட்டங்கள் ஆடிப் புள்ளி சேர்க்க வேண்டும். அது உழிஞை போன்றது. முதலாண்டிலேயே பிரஸ்டன் நோர்த் என்ட் கழகம் இரண்டையும் வென்றது. ஆயின், இத்தகைய இரட்டை வெற்றி அரிதினும் அரிது. பெரும்பாலும் லீக்கை ஒரு கழகமும் கிண்ணத்தை வேறொரு கழகமும் வெல்லும். இவ்விரண்டனுள் மேம்பட்டது எது? இவ்வினாவுக்கு விடை காணும் ஆட்டமாகவே இன்று பல நாடுகளிலும் ‘சூப்பர் கிண்ணம்’ நடைபெறுகின்றது.

ஆயினும், இவ்வகை ஆட்டத்தின் மூலத்தை ஆராய்வோமாயின், அது வலிமையை அளந்தறியும் நோக்கத்தாற் பிறந்ததன்று என்பது புலனாகும். இலண்டன் மாநகரின் ஷெரிப் பதவியை வகித்த தோமஸ் டியூவர் என்பார் 1898இல் ஒரு பெருங்கேடயத்தை வழங்கினார். ஊதியம் பெற்று ஆடுவோரின் சிறந்த குழுவும், ஊதியம் பெறாது ஆடுவோரின் சிறந்த குழுவும் அதற்காகப் போட்டியிடுதல் வேண்டும். கிட்டும் பணம் மருத்துவமனைகளுக்கும் பிற அறங்களுக்கும் சேரவேண்டும் என்பதே ஏற்பாடு. முதலாட்டத்தில் ஷெபீல்ட் யுனைற்றெட்டும் கொறிந்தியன்சும் மோதின. இருமுறை ஆடியும் வெற்றி தோல்வி இல்லை. கேடயம் இருவர்க்கும் பொதுவாயிற்று. வாகை சூடியோர் இலர். ஆயினும் நோயாளர்க்கு உதவி கிடைத்தது.

1907இல் ஊதியம் பெறாதோர் பலர் சங்கத்தினின்றும் பிரிந்தனர். அதன்மேற் சங்கம் தானே ஓர் ‘அறக்கொடைக் கேடயத்தை’ 1908இல் ஏற்படுத்திற்று. லீக் வெற்றியாளரான மான்செஸ்டர் யுனைற்றெட்டும், தென்பகுதி லீக்கை வென்ற குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்சும் முதலில் ஆடின. ஏப்ரலில் 1-1 எனச் சமநிலையில் முடிந்த ஆட்டம் ஆகஸ்டில் மீண்டும் நடைபெற, மான்செஸ்டர் 4-0 என வென்றது. 1912ஆம் ஆண்டின் ஆட்டம் சிறப்பாகக் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு ஏப்ரலில் டைற்றானிக் கப்பல் மூழ்கி ஆயிரத்து ஐந்நூறு பேரளவில் மாண்டனர். மறுமாதம் பிளக்பேர்ன் ரோவர்ஸ் 2-1 என வென்ற கேடயப் போட்டியின் வருவாய், அவ்விபத்தின் துயர்நீக்க நிதிக்குச் சென்றது.

லீக்கை வென்றோரும் கிண்ணத்தை வென்றோரும் முதன்முதல் இக்கேடயத்திற்காக எதிர்நின்றது 1921இல். ரொட்டன்ஹாம் பேர்ன்லியை 2-0 என வென்றது. 1930இல் ஆர்சனல் ஷெபீல்ட் வென்ஸ்டேயை 2-1 என வென்றதன் பின்னரே இவ்வமைப்பு வழக்காக வேரூன்றிற்று. அதன் பின்னரும் விதிவிலக்குகள் இருந்தன. 1961இல் ரொட்டன்ஹாம் இரண்டையும் வென்றமையால், எதிர்நிற்கச் சங்கமே ஒரு தெரிவுக் குழுவை அமைக்க நேர்ந்தது. இக்காலத்தில் அத்தகைய நிலை நேரின், லீக்கில் இரண்டாம் இடம் பெற்ற கழகம் அழைக்கப்படும். ஆட்டம் சமநிலையுற்றபோது கேடயத்தை ஆறுமாதம் ஒருவரும் ஆறுமாதம் மற்றவரும் வைத்திருந்ததும் உண்டு. எனவே, மேம்பட்டது எது என்னும் வினாவுக்கு இவ்வாட்டம் ஒருநாளும் உறுதியான விடை தந்ததில்லை. பருவத்தின் தொடக்கத்தில் ஆடப்படும் ஒரே ஆட்டம், சென்ற ஆண்டின் உழைப்பை எங்ஙனம் நிறுக்க இயலும்?

1974இல் இவ்வாட்டம் வெம்பிளி அரங்கிற்கு முதன்முறை சென்றது. லீட்ஸ், லிவர்பூல் கழகங்கள் ஆடின. பிரெம்னரும் கீகனும் கைகலந்து இருவரும் களத்தினின்று வெளியேற்றப்பட்டனர். 1-1 எனச் சமநிலையுற்ற ஆட்டத்தைத் தண்ட உதைகளில் லிவர்பூல் 6-5 என வென்றது. அறத்தின் பெயரால் அமைந்த களத்தில் சினம் மேலோங்கியதைக் கண்டு பலரும் வருந்தினர்.

ஆயின், அதனினும் பெரிய குறை களத்திற்கு வெளியே நிகழ்ந்தது. ஒவ்வொரு நுழைவுச் சீட்டின் விலையிலிருந்தும் எவ்வளவு பணம் அறத்திற்குச் செல்கிறது என்பதை உதைபந்தாட்டச் சங்கம் தெரிவிக்கவில்லை என்றும், சேரவேண்டிய நிறுவனங்களுக்குப் பணம் காலந்தாழ்த்தியே சென்றது என்றும் இங்கிலாந்தின் அறக்கொடை ஆணையம் கண்டது. அதன் விளைவாக 2002இல் ‘அறக்கொடை’ என்னும் அடைமொழி நீங்கி, ‘சமூகக் கேடயம்’ என்னும் பெயர் வந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற பெயர், கணக்குத் தெளிவின்மையால் மறைந்தது. கொடுத்தது பொய்யன்று, கொடுத்ததைக் கொடுத்தவாறு காட்டாமையே குற்றமாயிற்று.

பிற நாடுகள் இவ்வமைப்பைத் தத்தம் போக்கில் ஏற்றன. மலேசியாவில் 1985இல் தோன்றிய ‘பியாலா சும்பாங்சே’ தன் பெயரிலேயே கொடை என்னும் பொருளைத் தாங்கி நிற்கின்றது. சிங்கப்பூர் 2008இல் அவ்வழி சென்றது. இத்தாலியோ தன் கிண்ணத்தை 1993இல் கடல் கடந்து வாஷிங்டனில் நடத்திற்று. ஸ்பெயின் 2020இல் நான்கு குழுக்களாக விரித்துச் சவூதி அரேபியாவிற்குக் கொண்டு சென்றது. ஈகைக்கெனப் பிறந்த ஓர் ஆட்டம் பொருளீட்டும் வாணிகமாயிற்று என்பதற்கு இவை சான்றாம்.

இவ்வரலாறு பூண்டுலோயா போன்ற மலையகத்து ஊர்களில் வாழும் நமக்கும் தொலைவானதன்று. லயன் வரிசை தீக்கிரையானாலும், மண்சரிவில் ஒரு குடும்பம் வீடிழந்தாலும், இளைஞர்கள் ஓர் ஆட்டத்தை ஏற்பாடு செய்து நிதி திரட்ட முன்வருவது இயல்பு. கொழுந்து பறித்த நாட்சம்பளத்தில் ஒரு பகுதியை நுழைவுச் சீட்டிற்காகக் கொடுக்கும் தாய், எந்தக் குழு வென்றது என்பதை மறந்துவிடுவாள். தன் பணம் உரியவரிடம் சேர்ந்ததா என்பதை மறக்கமாட்டாள். ஆட்டம் முடிந்த மறுநாளே வரவையும் கொடுத்த தொகையையும் எழுதிக் கோயில் முன்றிலிலோ பிரட்டுக்களத்திலோ ஒட்டிவைப்பது, கிண்ணத்தை வெல்வதினும் அரிய செயலன்று. ஆயினும் அதனினும் பெரிய செயல்.

கொடையைப் போற்றுவதற்கெனத் தமிழர் பாடாண் என்றொரு திணையைத் தனியே வைத்தனர். உழிஞையார் வென்றனரா, தும்பையார் வென்றனரா என்பது ஆண்டுதோறும் மாறும். மாறாது நிற்க வேண்டியது ஈகையும், அதனைக் காக்கும் நேர்மையுமேயாம்.