சுழியக் கடப்பில் ரிலே இயக்கம்

மாறுமின்னோட்ட அலை சுழியத்தைத் தொடும் கணத்தில் ரிலே முனைகளைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும் முறை. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரப் பிரதேசத் தெற்கு மின் பகிர்மான நிறுவனம் சித்தூர் வீடுகளுக்குத் தருவதும் இந்தியா எங்கும் உள்ள 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரமே. அது 10 மில்லிநொடிக்கு ஒருமுறை சுழியத்தைக் கடக்கிறது. உச்சத்தில் சுமார் 325 வோல்ட். அந்த உச்சத்தில் எல்இடி விளக்குகளை இணைத்தால், அவற்றின் மின்தேக்கிகள் ஒரேயடியாக மின்சாரத்தை இழுக்கும். பொறி பறந்து முனைகள் ஒட்டிக்கொள்ளும். பழுதான ரிலேயைப் பிரித்தால் முனைகளில் கருகிய குழிகளைக் காணலாம்.

ரிலேயின் சுருளுக்கு மின்சாரம் போன பிறகும் முனை சேரச் சில மில்லிநொடி பிடிக்கும். 7 மில்லிநொடி எடுக்கும் ரிலேக்கு, ஒரு கடப்பிலிருந்து 3 மில்லிநொடி கழித்து ஆணையிட்டால் அடுத்த கடப்பில் முனை சேரும். ரிலே தேயத் தேய இந்த நேரம் மாறும். அவ்வப்போது அளந்து திருத்துவது அவசியம். மின்மாற்றிக்கு இம்முறை ஆகாது. அதைப் பொதுவாக மின்னழுத்த உச்சத்தில் இணைப்பதே நல்லது.