தாது வருஷத்துல வந்த முள்ளு

போன மாசம் எங்க கண்மாய்க்குள்ள ஜேசிபி இறங்குச்சு. சீமைக்கருவேலத்தைத் தூரோட தோண்டி எடுக்கணும்னு ஊர்க்கூட்டத்துல முடிவு. கை தூக்குனதுல நானும் ஒருத்தன். சாயங்காலம் கரையில நிக்கிறேன், விறகு வெட்டிப் பிழைக்கிற எங்க தெரு அத்தை வந்து கேட்டாங்க: "ஏ மருமகனே, இம்புட்டையும் புடுங்கிட்டா நான் எதை வித்து அரிசி வாங்க?" எனக்குப் பதில் வரல.

இந்த முள்ளைக் காமராசர் கொண்டாந்தாருன்னு இங்க பலபேர் சொல்லுவாங்க. அவர் பிறந்ததே 1903ல. முள்ளு அதுக்கு 26 வருஷம் முன்னாடியே வந்துருச்சு.

1876ல தாது வருஷப் பஞ்சம் தொடங்குச்சு. அந்தக் காலத்துல ரயில் இன்ஜினே விறகுலதான் ஓடுச்சு, காடு காலியாகிட்டு இருந்துச்சு. அப்ப சென்னை மாகாண வனத்துறையில அதிகாரியா இருந்த பெட்டோம், வறண்ட நிலத்துல விறகுக்கு ஆகும்னு இந்த விதையக் கேட்டு வாங்குனார். ஜமைக்காவுல இருந்து வந்த விதையை 1877ல கடப்பை மாவட்டம் கமலாபுரத்துல போட்டாங்க. கரீபியன் தீவுகள், மத்திய அமெரிக்கா, இந்தப் பக்கத்து வறண்ட கடலோரந்தான் இதுக்குத் தாய்மண். உப்புக்காத்தும் காய்ச்சலும் அதுக்குப் புதுசில்ல.

இதே பஞ்சந்தான் பெரியாற்றுத் தண்ணிய கிழக்க திருப்பணும்ங்கிற பழைய யோசனைக்கும் உயிர் கொடுத்துச்சு. 1887ல வேலை ஆரம்பிச்சு, 1895ல பென்னிகுக் கட்டின அணையில இருந்து தண்ணி வந்துச்சு. கம்பம், சின்னமனூர் பக்கம் நெல்லு விளையுது. எங்க ஆண்டிபட்டிப் பக்கம் மானாவாரி. ஒரே பஞ்சம், அவங்களுக்குத் தண்ணி கிடைச்சது, எங்களுக்கு முள்ளு கிடைச்சது.

அதை யாரும் ஒரு காலத்துல திட்டல. ஜோத்பூர் சமஸ்தானத்துல 1940ல 'அரச மரியாதை' கொடுத்து, மக்களே பாதுகாக்கணும்னு அறிவிச்சாங்க. சுதந்திரத்துக்குப் பிறகு இங்கயும் விறகுக்காக அரசாங்கமே விதைச்சது. விதைக்க ஆள் தேவைப்படாத நாளும் வந்துச்சு. ஆடு மாடு இதோட இலையத் தொடாது, நெத்தை ருசிச்சுத் தின்னும். உள்ள போன விதை சாணியோட வெளிய விழுந்து முளைக்கும். வெட்டுனா அடியில இருந்து நாலு கிளையாத் துளிர்க்கும். வேரோட தோண்டுனாத்தான் சாகும்.

2017ல இதை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட, ஊரு ஊரா வெட்டு நடந்துச்சு. அதே வருஷம், நல்லது கெட்டதை ஆராயாம வெட்டக் கூடாதுன்னு முழு அமர்வு இடைக்காலத் தடையும் போட்டுச்சு. நீதிமன்றத்துக்கே ரெண்டு மனசு, எனக்கு எப்படி ஒரே மனசு வரும்?

கண்மாய்க்குள்ள இந்த மரம் இருந்தா தண்ணிக்கு இடமில்ல, வண்டல் அடைஞ்சுரும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா, சென்னையில நீங்க சாப்பிடுற தந்தூரி அடுப்புக்கு வர்ற கரியில இந்த மரமும் இருக்கு. அந்தக் கரியை மூட்டம் போடுறவங்க, விறகை வெட்டுறவங்க எல்லாம் நிலம் இல்லாதவங்க. அவங்ககிட்ட ஊர்க்கூட்டத்துல யாரும் கேக்கல, நானும் கேக்கல.

மறுநாள் மறுபடியும் கூட்டம் போடச் சொன்னேன். கண்மாய்க்குள்ள இருக்கிறத முழுசாத் தோண்டுறது, அந்த விறகு முழுக்க வெட்டுறவங்களுக்கே, ஏலம் கிடையாது. கரைக்கு வெளிய தரிசுல இருக்கிறதை இப்போதைக்கு விடுறது. கரையில நாட்டுக்கருவேலமும் புங்கையும் வைக்கிறது. ரெண்டு பேர் முகஞ்சுளிச்சாங்க, ஆனாலும் ஒத்துக்கிட்டாங்க.

அத்தைகிட்ட சொன்னேன். "அந்த விறகு ரெண்டு வருஷத்துக்கு வரும். அப்புறம்?"னாங்க.

கன்னுக்குத் தண்ணி ஊத்துற கூலி வேலை இப்ப அத்தைக்குத்தான். அந்த 'அப்புறம்' இன்னும் பாக்கி இருக்கு.