தமிழ் இணையத்தளங்களில் பாணித் தாள்கள்

பாணித் தாள் என்பது இணையப் பக்கம் ஒன்றின் எழுத்துரு, நிறம், அளவு, இடைவெளி முதலிய தோற்றக் கூறுகளை, அப்பக்கத்தின் உள்ளடக்கத்திலிருந்து பிரித்துத் தனியே எழுதி வைக்கும் விதிகளின் தொகுப்பு ஆகும். இணையத்தில் பரவலாகப் பயன்படும் பாணித் தாள் மொழி விழுத்தொடர் பாணித் தாள்கள் எனப்படுகின்றது. சி.எஸ்.எஸ். என்ற சுருக்கப் பெயராலும் இது அறியப்படும். எச்.டி.எம்.எல். எனப்படும் மீயுரைக் குறியிடு மொழி ஒரு பகுதி தலைப்பா, பத்தியா, பட்டியலா என்பதைக் கூறுகின்றது. அப்பகுதி எவ்வாறு காட்சியளிக்க வேண்டும் என்பதைப் பாணித் தாள் கூறுகின்றது.

எல்லா மொழி இணையத்தளங்களுக்கும் இப்பிரிவு பயன் தருவதாயினும், தமிழில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தமிழ் இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் எழுத்துரு என்பது தோற்றத்துக்கு உரியதாக மட்டும் இருக்கவில்லை. பொருளையே அது தாங்கி நின்றது. குறிப்பிட்ட எழுத்துரு இல்லாவிடில் பக்கத்தைப் படிக்கவே இயலாது. ஒருங்குறி பரவிய பின்னரே எழுத்துரு தனக்குரிய இடமாகிய பாணித் தாளுக்கு முழுமையாக நகர்ந்தது.

வரலாறு

இணையத்தின் முதல் ஆண்டுகளில் பக்கங்களின் தோற்றத்தைப் பெரும்பாலும் உலாவிகளே தீர்மானித்தன. பின்னர் நிறம், எழுத்தளவு முதலியவற்றைக் குறிப்பதற்கான குறிச்சொற்கள் உள்ளடக்கத்தின் ஊடே நுழைந்தன. இதற்கு மாற்றாக, சேர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய நோர்வே நாட்டவரான ஓக்கன் வியும் லீ 1994 அக்டோபர் 10 அன்று விழுத்தொடர் பாணித் தாள்களுக்கான முன்மொழிவை வெளியிட்டார். நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்ட் போசு அவருடன் இணைந்தார்.

உலகளாவிய வலைச் சேர்த்தியம் முதற் பதிப்பை 1996 டிசம்பர் 17 அன்றும், இரண்டாம் பதிப்பை 1998 மே 12 அன்றும் பரிந்துரைகளாக வெளியிட்டது. இரண்டாம் பதிப்பின் திருத்தமான 2.1 பதிப்பு 2011 சூன் மாதம் நிறைவு பெற்றது. அதற்கடுத்த வளர்ச்சி ஒரே ஆவணமாக அன்றி, தனித்தனிக் கூறுகளாக வெளியிடப்படுகின்றது.

எழுத்துருக் குறிச்சொல் 1997 சனவரியில் வெளியான எச்.டி.எம்.எல். 3.2 பதிப்பில் இடம்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான 4.0 பதிப்பு, அதனைத் தவிர்த்துப் பாணித் தாள்களைப் பயன்படுத்துமாறு கூறியது.

அமைப்பும் செயற்பாடும்

பாணித் தாளின் ஒவ்வொரு விதியும் இரு பகுதிகளைக் கொண்டது. முதற் பகுதி, விதி எந்தக் கூறுகளுக்குப் பொருந்தும் என்பதைக் குறிக்கும் தேர்வி ஆகும். இரண்டாம் பகுதி, அக்கூறுகளின் பண்புகளையும் அவற்றின் மதிப்புகளையும் தருகின்றது. 'இரண்டாம் நிலைத் தலைப்புகள் அனைத்தும் கருநீல நிறத்தில் இருக்க' என்பது ஒரு விதிக்கு எடுத்துக்காட்டு ஆகும்.

ஒரே கூறுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விதிகள் பொருந்தலாம். உலாவியின் இயல்பு விதிகள், வாசகரின் விருப்ப விதிகள், பக்க ஆசிரியரின் விதிகள் ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. அவற்றுள் எது வெல்லும் என்பது விதியின் மூலம், தேர்வியின் துல்லியம், எழுதப்பட்ட வரிசை ஆகியவற்றால் முடிவாகின்றது. விழுத்தொடர் என்னும் பெயர் இம்முறையாலேயே ஏற்பட்டது.

தமிழ்ப் பக்கங்களும் எழுத்துருச் சிக்கலும்

1995 அக்டோபரில் வெளியிடப்பட்ட சிங்கப்பூரின் நான்மொழிக் கவிதைத் தொகுப்புத் தளத்தில், நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இடம்பெற்றது. அக்காலத்தில் கணினிகள் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு, அதாவது 256 இடங்கள் மட்டுமே கொண்ட குறியாக்கங்களைப் பயன்படுத்தின. தமிழ் எழுத்துரு உருவாக்கியோர், ஆங்கிலம் மற்றும் ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தனர். எந்த இடத்தில் எந்த வடிவம் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்டது.

இதனால் பக்கத்தில் சேமிக்கப்பட்ட உரை, கணினியின் நோக்கில் தமிழாக இருக்கவில்லை. அதன்மீது சுமத்தப்பட்ட எழுத்துருவே அதனைத் தமிழாகக் காட்டியது. உரிய எழுத்துரு வாசகரின் கணினியில் நிறுவப்படாவிடில், திரையில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமே தோன்றின. தமிழ் நாளிதழ்களும் வார இதழ்களும் தத்தம் எழுத்துருக்களைப் பதிவிறக்கி நிறுவுமாறு வாசகரைக் கேட்டுக்கொண்டன.

இக்குழப்பத்தைக் குறைக்க, 1997 இல் சிங்கப்பூரிலும் 1999 பெப்ரவரியில் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் நடைபெற்றன. தமிழக அரசு 1999 இல் டாம், டாப் ஆகிய குறியாக்கங்களை ஏற்றது. இணையக் குழுக்கள் வழியாக உருவான திஸ்கி குறியாக்கமும் பரவலாகப் பயன்பட்டது. மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல திஸ்கியில் வெளிவந்தன. ஆயினும் ஒன்றுக்கு மேற்பட்ட தரங்கள் தொடர்ந்து நிலவின.

காவேரிப்பாக்கம் என்ற ஊர்ப்பெயர் இச்சிக்கலை விளக்கப் போதுமானது. அதன் இரண்டாம் எழுத்தாகிய 'வே', திஸ்கி போன்ற குறியாக்கங்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முதலிலும் 'வ' பின்னரும் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் 'வ' முதலிலும் உயிர்க்குறி பின்னரும் வருகின்றன. ஒரே ஊரைப் பற்றிய இரு பக்கங்கள் திரையில் ஒன்றுபோல் தோன்றினாலும், அவற்றில் இருந்த எண்வரிசைகள் வேறு. ஒரு குறியாக்கத்தில் தட்டச்சிட்டுத் தேடியவருக்கு மற்றொன்றில் இருந்த பக்கம் கிடைக்கவில்லை.

இயங்கு எழுத்துருக்கள்

எழுத்துருவை வாசகர் நிறுவ வேண்டிய தேவையை நீக்க, 1990களின் பிற்பகுதியில் இயங்கு எழுத்துருக்கள் தோன்றின. பக்கத்துடன் எழுத்துருவும் வழங்கியிலிருந்து தானாக இறங்கும் முறை இதுவாகும். 1998 இல் வெளியான பாணித் தாள் இரண்டாம் பதிப்பு இதற்கான விதியைக் கொண்டிருந்தது. ஆனால் மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஒரு கோப்பு வடிவத்தையும் நெட்சுகேப் உலாவி மற்றொரு வடிவத்தையும் ஏற்றன. எனவே தள ஆசிரியர்கள் இரு கோப்புகளையும் உருவாக்க வேண்டியிருந்தது. ஏனைய உலாவிகளில் இம்முறை பயன்படவில்லை.

இயங்கு எழுத்துரு வாசகரின் துன்பத்தைக் குறைத்ததே அன்றி, மூலச் சிக்கலைத் தீர்க்கவில்லை. பாணித் தாளை அகற்றினால் உரை மீண்டும் பொருளற்றதாயிற்று.

ஒருங்குறிக்குப் பின்

ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே, 1991 இல், தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. விண்டோசு 2000 இயங்குதளம் லதா எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழைக் காட்டத் தொடங்கியது. 2003 இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குறியில் அமைந்தது. தமிழக அரசு 2010 சூன் மாதம் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஒருங்குறி பயன்படாத இடங்களுக்குத் தமிழ் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தை மாற்றுத் தரமாக அறிவித்தது.

ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் உலகம் முழுவதும் ஒரே எண் உள்ளது. எழுத்துரு மாறினாலும் எண் மாறுவதில்லை. இந்நிலையில்தான் எழுத்துருத் தேர்வு முழுவதும் தோற்றம் சார்ந்ததாக ஆனது. பாணித் தாள் ஒன்றில் பல எழுத்துருக்களை வரிசையாகக் குறிப்பிட்டால், முதலாவது இல்லாதபோது அடுத்தது பயன்படும். எதுவும் இல்லையெனில் கணினியில் உள்ள ஏதேனும் ஒரு தமிழ் எழுத்துரு பயன்படும். உரை சிதைவதில்லை.

2008 இல் சபாரியும் 2009 இல் பயர்பாக்சும் பொதுவான எழுத்துருக் கோப்புகளை நேரடியாக ஏற்றதைத் தொடர்ந்து, வலை எழுத்துருக்கள் மீண்டும் வழக்குக்கு வந்தன. வலைத் திறந்த எழுத்துரு வடிவம் 2012 டிசம்பரில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையானது. லோகித் தமிழ், நோட்டோ சான்சு தமிழ், மீரா இனிமை போன்ற கட்டற்ற எழுத்துருக்களை இம்முறையில் எவரும் தம் தளத்தில் இணைக்கலாம்.

பயன்கள்

பராமரிப்பு எளிமை: ஒரு தளத்தின் எல்லாப் பக்கங்களும் ஒரே பாணித் தாளை அழைக்கின்றன. எனவே ஒரு விதியை மாற்றினால் எல்லாப் பக்கங்களும் மாறுகின்றன.

விரைவு: தனிக் கோப்பாக உள்ள பாணித் தாளை உலாவி ஒருமுறை பெற்றுச் சேமித்து வைத்துக்கொள்கின்றது. பக்கங்களில் தோற்றக் குறிச்சொற்கள் இல்லாமையால் அவற்றின் அளவும் குறைகின்றது. தமிழுக்கு இது பயனுள்ளதாகும். யு.டி.எப்.-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கின்றது. எட்டு எழுத்துகள் கொண்ட காவேரிப்பாக்கம் என்ற சொல் 15 குறிகளாகவும் 45 பைட்டுகளாகவும் அமைகின்றது.

அணுகல்தன்மை: 1999 மே மாதம் வெளியான வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டி, பாணித் தாள் இன்றியும் படிக்கத்தக்கவாறு ஆவணங்களை அமைக்குமாறு கூறியது. பார்வைக் குறைபாடு உடையோர் எழுத்தைப் பெரிதாக்கவும், நிற வேறுபாட்டை மிகுதிப்படுத்தவும் தம் விருப்ப விதிகளைப் பயன்படுத்தலாம். திரைவாசிப்பான்கள் தலைப்பு, பட்டியல் ஆகியவற்றை இனங்கண்டு படிக்கின்றன.

பல கருவிகளுக்கு ஒரே உரை: அச்சுக்கெனத் தனி விதிகளை எழுதி, வழிசெலுத்தல் பட்டிகளை மறைத்துக் கட்டுரையை மட்டும் அச்சிடலாம். 2012 இல் பரிந்துரையான ஊடக வினவல்கள், திரையின் அகலத்துக்கேற்ப விதிகளை மாற்ற உதவுகின்றன. இதனால் கணினிக்கும் கைபேசிக்கும் தனித்தனிப் பக்கங்கள் எழுத வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டு: ஊர்ப் பக்கங்கள்

கலைக்களஞ்சியம் ஒன்றில் தமிழகப் பேரூராட்சிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கமும், ஒவ்வொரு பக்கத்திலும் மாவட்டம், பரப்பளவு, மக்கள்தொகை ஆகியவற்றைக் காட்டும் தகவல் பெட்டியும் இருப்பதாகக் கொள்ளலாம். பெட்டியின் பின்னணி நிறம் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதப்பட்டிருந்தால், அதனை மாற்ற எல்லாப் பக்கங்களையும் திறக்க வேண்டும். மாறாக, பெட்டிக்கு ஒரு வகுப்புப் பெயர் இட்டு, நிறத்தைப் பாணித் தாளில் எழுதியிருந்தால், ஒரு வரியை மாற்றுவது போதுமானது.

பாணித் தாளின் எல்லையையும் இதே எடுத்துக்காட்டு காட்டுகின்றது. காவேரிப்பாக்கம் 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது இராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தது. மாவட்டப் பெயர் என்பது உள்ளடக்கம். பாணித் தாள் அதனை மாற்றாது. ஆனால் உள்ளடக்கம் தோற்றக் குறிகளோடு பின்னிக் கிடக்காதபோது, திருத்த வேண்டிய சொல்லைக் கண்டறிவதும், நிரல் வழியாக ஒருங்கே மாற்றுவதும் எளிதாகின்றன.

தமிழுக்குரிய அமைப்புகள்

ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட பாணித் தாளைத் தமிழுக்கு அப்படியே பயன்படுத்துவது பொருத்தமாக இராது. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியிட்டால், தமிழ்ப் பகுதிகளுக்கு மட்டும் பொருந்தும் விதிகளை எழுத இயலும். அவற்றுட் சில வருமாறு:

- 'கீ' போன்றவற்றில் மேலும், 'மூ' போன்றவற்றில் கீழும் குறிகள் நீள்வதால் வரிகளுக்கு இடையே மிகுதியான இடைவெளி தேவைப்படுகின்றது.
- தமிழ் அச்சு மரபில் சாய்வெழுத்து இல்லை. உலாவிகள் நேர் எழுத்தைச் செயற்கையாகச் சாய்த்துக் காட்டுவதால், அழுத்தம் தர வேண்டிய இடங்களில் தடித்த எழுத்தைப் பயன்படுத்தலாம்.
- ஒட்டுச் சொற்களால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கைபேசியின் குறுகிய திரையில் சொல் வெளியே வழியாதவாறு, சொல்லை மடிக்கும் விதி தேவைப்படுகின்றது.
- பட்டியல்களுக்குத் தமிழ் எண்களை இடும் வசதி பாணித் தாளிலேயே உள்ளது.
- வகுப்புப் பெயர்களைத் தமிழ் எழுத்துகளிலேயே இடலாம்.

குறைபாடுகள்

ஒரே விதியை உலாவிகள் வெவ்வேறு வகையில் காட்டியமை நெடுங்காலச் சிக்கலாக இருந்தது. குறிப்பாக இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் பழைய பதிப்புகளுக்கெனத் தனி விதிகள் எழுத வேண்டியிருந்தது. பெரிய தளங்களில் விதிகள் பெருகும்போது, ஒரு மாற்றம் எங்கெங்கே விளைவை ஏற்படுத்தும் என்று அறிவது கடினமாகின்றது. வலை எழுத்துரு இறங்கும் வரை சில உலாவிகள் உரையை மறைத்து வைக்கின்றன. மாற்று எழுத்துருவை உடனே காட்டுமாறு பணிக்கும் விதியால் இதனைத் தவிர்க்கலாம்.

பழைய குறியாக்கங்களில் அமைந்த தமிழ்ப் பக்கங்களுக்குப் புதிய பாணித் தாள் எழுதுவதால் மட்டும் பயன் இல்லை. அவற்றின் உரையை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். என்.எச்.எம். மாற்றி போன்ற மென்பொருள்கள் இதற்கு உதவுகின்றன. மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை ஒருங்குறியிலும் வழங்கியுள்ளது. மாற்றப்படாத பக்கங்களைப் படிக்க, அவற்றுக்குரிய எழுத்துருவோ குறியாக்க விவரமோ இன்றும் தேவைப்படுகின்றது. பாணித் தாளை நீக்கிய பின்னரும் படிக்கத்தக்க தமிழாக இருக்கும் உரை அத்தகைய இடர்ப்பாட்டுக்கு உள்ளாவதில்லை.