காகிதத்தில் ஒரு காலனி: தரங்கம்பாடியிலிருந்து ஆண்ட நிகோபார்

ஃபேன்டஸி நாவல், ஓப்பன் வேர்ல்டு கேம், எதை எடுத்தாலும் மேப்போட ஓரத்துல ஒரு தீவு இருக்கும். எங்கேயோ இருக்கிற ஒரு ராஜா அதுக்குத் தன் பேரை வெச்சிருப்பார். கப்பல்ல ஆட்கள் போவாங்க, காய்ச்சல்ல சாவாங்க, மறுபடி வேற ஆட்கள் போவாங்க. கற்பனை மாதிரி தெரியுற இந்தக் கதை நிஜத்துல 112 வருஷம் ஓடியிருக்கு. அதுக்கு ஹெட் ஆபீஸ் நம்ம காவிரி டெல்டாவுல. நான் பேசிக்கிட்டிருக்கிற தாராசுரத்துல இருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். ஊர் தரங்கம்பாடி. தீவு, நிகோபார்.

முதல்ல கோட்டை

1620ல தஞ்சாவூரை ஆண்டவர் ரகுநாத நாயக்கர். டென்மார்க்ல இருந்து ஓவ யெத்தெங்கிற தளபதி கப்பலோட வந்து அவர்கிட்ட ஒப்பந்தம் போட்டார். தரங்கம்பாடியில வியாபாரம் பண்ணவும் கோட்டை கட்டவும் அனுமதி கிடைச்சுது. இன்னிக்கும் கடற்கரையில நிக்கிற டேன்ஸ்போர்க் கோட்டை அப்படி வந்ததுதான். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டுல எழுதி அனுப்பின கடிதம் இப்பவும் கோபன்ஹேகன்ல பத்திரமா இருக்கு.

இங்க ஒண்ணைக் கவனிங்க. தரங்கம்பாடியில இடம் வேணும்னா அந்த மண்ணை ஆண்டவர்கிட்ட டேனிஷ்காரங்க கேட்க வேண்டியிருந்துச்சு. 136 வருஷம் கழிச்சு, நிகோபார்ல அவங்க யார்கிட்டயும் கேட்கல.

ராஜா பேர்ல ஒரு தீவு

கிரேட் நிகோபார் தரங்கம்பாடியில இருந்து சுமார் 1,600 கிலோமீட்டர். சுமத்ராவோ அங்கிருந்து 200 கிலோமீட்டருக்குள்ள. மலாக்கா ஜலசந்திக்குப் போற கப்பல் எல்லாம் பக்கத்துலதான் போகணும். அதனால 1756 ஜனவரியில டேனிஷ் ஏசியாட்டிக் கம்பெனி அங்க கொடி நட்டுது. முதல்ல வெச்ச பேர் புதிய டென்மார்க். அப்புறம் ராஜா ஐந்தாம் ஃபிரெடரிக் பேர்ல ஃபிரெடரிக் தீவுகள். நிர்வாகம் எல்லாம் தரங்கம்பாடியில இருந்து.

அந்தத் தீவுகளுக்கு ஏற்கெனவே பேர் இருந்துச்சு. ராஜேந்திர சோழனோட மெய்க்கீர்த்தியில, அவர் கடல் கடந்து ஜெயிச்ச இடங்களோட பட்டியல்ல, மாநக்கவாரம்னு வருது. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுலயே இருக்கு. நிகோபார்ங்கிற பேரே அந்த நக்கவாரத்துல இருந்து வந்ததா சொல்றாங்க. சோழர் கல்லுல வெட்டினாங்க, டேனிஷ்காரங்க மேப்ல எழுதினாங்க. ரெண்டுமே வெளியில இருந்து வந்தவங்க போட்ட பட்டியல்தான்.

எங்க வேலையில இது அடிக்கடி நடக்கும். ரெப்போவுல ஒரு ஃபோல்டருக்கு அழகா பேர் வெச்சிருப்பாங்க, திறந்து பார்த்தா உள்ளே ஒண்ணும் இருக்காது. ஃபிரெடரிக் தீவுகள் கிட்டத்தட்ட அப்படித்தான். 1759லயே முதல் குடியேற்றம் கைவிடப்பட்டுச்சு. அப்புறம் கமோர்ட்டா தீவுப் பக்கம் முயற்சி பண்ணினாங்க. வர்றது, சாகிறது, விட்டுட்டுப் போறது, திரும்ப வர்றது. இந்தச் சுழற்சி 1848 வரைக்கும் நிக்கல.

24 பேர்

காரணம் மலேரியா. கொசுதான் அதைப் பரப்புதுன்னு ரொனால்டு ராஸ் செகந்திராபாத்ல கண்டுபிடிச்சது 1897ல. அதுவரைக்கும் ஏன் சாகிறோம்னு தெரியாமலே ஆட்கள் செத்தாங்க.

இதுல மனசை ரொம்ப உறுத்துறது மொரேவியன் சகோதரர்கள் கதை. ஜெர்மனியில இருந்து வந்த ஒரு கிறிஸ்தவ சபை இது. நிகோபாருக்குப் போகணும்னே 1760ல தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினாங்க. பக்கத்துல தோட்டம் போட்டு, கைத்தொழில் செஞ்சு பிழைச்சாங்க. 1768ல நான்கௌரி தீவுக்குப் போனாங்க. 1787ல எல்லாத்தையும் விட்டுட்டுத் திரும்பினாங்க. உயிர் பிழைச்சு வந்த ஹென்சல்ங்கிறவர் பிற்காலத்துல எழுதின கடிதங்கள் 1812ல லண்டன்ல புத்தகமா வந்துச்சு. அதுல ஒரு கணக்கு இருக்கு: 11 பேர் நான்கௌரியிலயே புதைக்கப்பட்டாங்க. இன்னும் 13 பேர் தரங்கம்பாடிக்குத் திரும்பின கொஞ்ச நாள்ல அதே காய்ச்சலோட தாக்கத்துல இறந்தாங்க. ஆக, அந்தக் காலனியோட சாவுக் கணக்குல பாதிக்கு மேல நம்ம டெல்டா மண்ணுலதான் இருக்கு.

நடுவுல ஒரு காமெடியும் நடந்துச்சு. டேனிஷ்காரங்க தீவை விட்டுட்டாங்கன்னு நினைச்சு, 1778ல ஆஸ்திரியா சார்புல வில்லியம் போல்ட்ஸோட ஆட்கள் வந்து தங்க கொடியை நட்டாங்க. டென்மார்க் ஆட்சேபம் பண்ணுச்சு. சில வருஷத்துல அந்த முயற்சியும் காய்ச்சல்லயும் கைவிடுதல்லயும் முடிஞ்சுது. மிச்சம் ஒரு பேர். நிகோபார்ல இருக்கிற தெரசா தீவு, ஆஸ்திரிய மகாராணி மரியா தெரசா ஞாபகமா வந்த பேர்னு சொல்வாங்க.

1831ல ரோசன் என்கிற பாதிரியார் தரங்கம்பாடியில இருந்து கமோர்ட்டாவுக்குப் போய் மறுபடி தொடங்கினார். 1834ல அவரும் திரும்பிட்டார்.

இத்தனை காலமும் தீவுக்காரங்க என்ன பண்ணினாங்க? கால் ஊன்றி நிக்கிற உருண்டை வீடுகள்ல இருந்தாங்க. பன்னி வளர்த்தாங்க. வந்துபோற கப்பலுக்குத் தேங்காயைக் கொடுத்து, துணியும் இரும்பும் வாங்கினாங்க. ஃபிரெடரிக் தீவுகள்ல குடிமக்களா இருக்கிறோம்னு அவங்க வாழ்க்கையில எதுவும் சொல்லல.

விற்பனை

1845ல டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துல இருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்கிட்ட வித்துடுச்சு. நிகோபாரை விக்கல. அதே வருஷம் கலாத்தியாங்கிற கப்பலை உலகம் சுற்ற அனுப்புச்சு. அந்தப் பயணத்துல நிகோபார் எதுக்காவது தேறுமான்னு பார்க்கிறதும் ஒரு வேலை. தேறாதுன்னு ஆயிடுச்சு. 1848ல கொடி இறங்குச்சு. 1868ல உரிமையை பிரிட்டனுக்கு எழுதிக் கொடுத்தாங்க. அடுத்த வருஷம் பிரிட்டிஷார் கமோர்ட்டாவுல கைதிகள் குடியிருப்பு ஆரம்பிச்சு, 1888ல அதையும் மூடிட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க. ஒரு நாட்டால முழுசா வாழவே முடியாத இடத்தை இன்னொரு நாட்டுக்குக் கைமாத்த முடிஞ்சிருக்கு. ஏன்னா கைமாறினது காகிதம். அங்க வாழ்ந்தவங்க கையெழுத்து அதுல தேவைப்படல.

கலாத்தியா விரிகுடா

அந்தக் கப்பலோட பேர் மட்டும் அங்கயே தங்கிடுச்சு. கிரேட் நிகோபார்ல இருக்கிற கலாத்தியா விரிகுடா அதுதான். இப்போ நியூஸ்ல வர்றதும் அதே இடம். கப்பல் சரக்கு மாற்றும் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம்னு ஒரு திட்டம், 2022 கணக்குப்படி சுமார் 72,000 கோடி ரூபாய். 130 சதுர கிலோமீட்டர் காட்டு நிலம் இதுக்குப் போகுது. பெரிய தோல்முதுகு ஆமைகள் முட்டையிடுற கரை அது. ஷோம்பென் மக்களும் நிகோபாரிகளும் வாழ்ற தீவு அது. 2004 சுனாமியில, தரங்கம்பாடியைத் தாக்கின அதே நாள்ல, அந்த நிகோபாரிகளோட கடற்கரை ஊர்கள் அழிஞ்சு வேற இடத்துல குடிவைக்கப்பட்டாங்க. பழைய ஊருக்குத் திரும்பணும்கிறது அவங்க கோரிக்கை.

அரசு தரப்பு வாதம் வியாபாரமும் பாதுகாப்பும். மலாக்கா ஜலசந்தி பக்கத்துல இருக்குன்னு 1756ல டேனிஷ்காரங்களுக்குத் தோணின அதே காரணம். அது பொய்யான காரணமில்ல, மேப்பைப் பார்த்தா யாருக்கும் புரியும்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. 1868ல யாரும் கேட்கல. 2022ல கேட்டாங்க. லிட்டில், கிரேட் நிகோபார் பழங்குடி மன்றம் ஆகஸ்ட்ல ஒப்புதல் கொடுத்துச்சு. நவம்பர்ல, விவரம் முழுசா தெரிஞ்சதும், அதைத் திரும்ப வாங்கிக்கிச்சு. அதே மாசத்துல திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் வந்துச்சு.

கேட்கிறதுன்னா பதிலுக்கு மதிப்பு இருக்கணும். இல்லாட்டி அதுவும் இன்னொரு காகிதம்தான். அடுத்த தடவை தரங்கம்பாடி போனா, கோட்டையில செல்ஃபி எடுங்க, தப்பில்ல. அப்படியே கிழக்கே கடலைப் பார்த்து, அந்தப் பக்கம் இருக்கிறவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.