தாத்தாவின் சைக்கிளுக்கு வயது என்ன?

செம்பவாங் கடற்படைத் தளம் 1938ல் திறக்கப்பட்டது. அங்கு வேலை பார்த்த நம்மவர்கள் பலர் சைக்கிளில்தான் போய்வந்தார்கள். 1971ல் பிரிட்டிஷ் படைகள் பெரும்பாலும் வெளியேறின. சில வீடுகளில் சைக்கிள் மட்டும் தங்கிவிட்டது.

அதைத் துடைத்துப் பாருங்கள். பெடல் பல்சக்கரத்தில் கொக்குத் தலைகள் இருந்தால் ராலே, கை இருந்தால் ரட்ஜ், ஐந்து மனித உருவங்கள் இருந்தால் ஹம்பர். பின்சக்கர நடுவே ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பில் 55 என்று பொறித்திருந்தால் அது 1955ல் செய்தது. ஆனால் சக்கரத்தைப் பிற்பாடு மாற்றியிருக்கலாம். ஆகவே ஃபிரேம் எண்ணையும் பாருங்கள்.

எங்கள் தாத்தாவின் சைக்கிளைக் காராங் குனிக்காரரிடம் கொடுத்த பிறகுதான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். நீங்களாவது முதலில் பாருங்கள்.