கீழ்ப்படிதலுக்குள் இருந்த கணிப்பு

மருத்துவமனைகளின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. செவிலியர் அதில் பொறுமை, சேவை, தியாகம் ஆகிய சொற்களோடு வந்து போகிறார். புகழ்ச்சிக்குக் குறைவில்லை, அவருடைய அறிவுக்குத்தான் அதில் இடமில்லை. ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் ஒரு கட்டிலருகே நிற்பது சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் நோயாளி தேறுகிறாரா சரிகிறாரா, வலி என்கிறாரே அது நேற்றைய வலியா புதியதா, டாக்டரை இப்போதே எழுப்புவதா விடியும்வரை பொறுப்பதா என்று எடைபோடுவது வார்டில் இருக்கும் செவிலியர்தான். இந்தக் கணிப்பு இல்லாமல் நவீன மருத்துவமனை ஒரு நாளும் இயங்கியதில்லை. ஆனாலும் நூறாண்டுக்கும் மேலாக அதைச் சொன்னபடி செய்யும் வேலையாகவே பதிவு செய்தார்கள். அது உரிமையோடு வெளிப்பட்ட இடங்களில் உயிர்கள் பிழைத்ததையும் அதே வரலாறு காட்டுகிறது.

இதன் தொடக்கத்தில் நிற்பவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். போர் நடந்துகொண்டிருந்த 1854 நவம்பரில் 38 பெண்களுடன் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, மருத்துவர்கள் கேட்காமல் எந்த நோயாளியையும் தொடக் கூடாது என்று தம் குழுவைக் கட்டுப்படுத்தியவர் அவர். பெண்களை உள்ளே விடவே விரும்பாத ராணுவ மருத்துவர்களிடையே காலூன்ற அந்தப் பணிவு தேவைப்பட்டது. ஆனால் சில ஆண்டுகளில் அவர் எழுதிய செவிலியம் பற்றிய கையேடு வேறு திசையில் பேசுகிறது. நோயாளியைக் கவனிப்பது பற்றி அதில் தனி அத்தியாயமே உண்டு. ‘இரவு நன்றாகத் தூங்கினாரா?’ என்ற கேள்வியால் பயனில்லை. எத்தனை மணி நேரம், எந்தெந்த வேளையில் தூங்கினார் என்று கேட்க வேண்டும் என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார்: சராசரிக் கணக்கு நுணுக்கமான கவனிப்பிலிருந்து நம்மைத் திசைதிருப்பிவிடும். போரில் மாண்ட வீரர்களின் புள்ளிவிவரத்தை வரைபடமாக்கி அரசையே அசைத்தவர் இப்படிச் சொல்வது முரண் போலத் தோன்றலாம். ஆனால் எண்களின் வலிமையை அறிந்தவருக்கே அவற்றின் எல்லையும் தெரியும். ஆயிரம் பேரைப் பற்றிய உண்மையை வைத்துக்கொண்டு, எதிரே படுத்திருக்கும் ஒருவரின் இன்றைய இரவைச் சொல்லிவிட முடியாது.

அவருக்குப் பின் வந்த பயிற்சிப் பள்ளிகள் நுணுக்கமான கவனிப்பு என்ற பாதியை விட்டுவிட்டுப் பணிவை மட்டும் பிடித்துக்கொண்டன. 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் உருவாகி நைட்டிங்கேல் பெயரில் உலகெங்கும் பரவிய உறுதிமொழியை அவர் எழுதவில்லை. மருத்துவருக்கு விசுவாசமாகத் துணைநிற்பதை அது கடமையாக வைத்தது. அதே காலத்தில் கருவிகள் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தன. ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக் 1868-ல் காய்ச்சல் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். இங்கிலாந்தில் மருத்துவர் ஆல்பட் வெப்பமானியைக் கைக்கு அடக்கமாகச் சுருக்கினார். முதலில் மருத்துவரின் கருவியாக இருந்த அது, நாளுக்குப் பலமுறை அளக்க வேண்டியதானதும் செவிலியர் கைக்கு வந்தது. பின்னர் ரத்த அழுத்தக் கருவியும் அப்படியே வந்தது. அளப்பது செவிலியர், பொருள் சொல்வது மருத்துவர் என்று வேலை பிரிந்ததாகக் காகிதத்தில் இருந்தது. ஆனால் நாள்தோறும் அளப்பவருக்குப் பொருள் தெரியாமல் போகாது. தெரிந்ததைத் தெரியாததுபோல் சொல்லும் நாசூக்கையும் அவர் கற்க வேண்டியிருந்தது. லியோனார்ட் ஸ்டெய்ன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1967-ல் எழுதிய கட்டுரை இதை ஒரு விளையாட்டு என்றே வருணித்தது: செவிலியர் யோசனை சொல்வார், ஆனால் அது மருத்துவருக்கே தோன்றிய யோசனை போலத் தெரிய வேண்டும்.

இந்த விளையாட்டுக்கு நேரமில்லாத இடம் ஒன்று 1960-களில் உருவானது. மாரடைப்பு வந்தவரின் இதயத் துடிப்பு திடீரெனத் தாறுமாறானால் சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும். டாக்டர் வரும்வரை காத்திருந்தால் பிணத்துக்குத்தான் சிகிச்சை. 1962-ல் கன்சாஸ் சிட்டியில் மருத்துவர் ஹியூஸ் டே தொடங்கியது போன்ற இதய நோய்த் தீவிரப் பிரிவுகளில், திரையில் ஓடும் இதயத் துடிப்பை வாசிக்கவும், தேவைப்பட்டால் மருத்துவருக்குக் காத்திராமல் மின்னதிர்ச்சி கொடுக்கவும் செவிலியர் பயிற்சி பெற்றார்கள். நியூயார்க்கில் இப்படியொரு பிரிவில் 250 நோயாளிகளைக் கவனித்த மருத்துவர்கள் கில்லிப்பும் கிம்பலும் 1967-ல் தந்த கணக்குப்படி, ரத்த ஓட்டம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போகாதவர்களிடையே இறப்பு 26 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது. கருவிகளுக்கும் மருந்துகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் கட்டிலருகே இருப்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாவிட்டால் அந்தக் கருவிகள் சாவை அறிவிக்கும் மணிகளாக மட்டுமே இருந்திருக்கும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பயிற்சி பெற்று, விதி வகுத்து, திரையைப் பார்த்துச் செய்வது சரி. ‘எனக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது’ என்பதை நம்பி மருத்துவம் செய்ய முடியுமா? இரண்டு செவிலியர்களின் கதைகள் இதற்குப் பதிலாகும். 1956-ல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துவந்த சிஸ்டர் வார்டு, இளவெயிலில் வைத்த குழந்தைகளுக்குக் காமாலையின் மஞ்சள் நிறம் குறைவதைக் கவனித்தார். துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்த ஒரு குழந்தையை டாக்டர்களுக்குக் காட்டினார். மருத்துவர் கிரெமரும் சக ஆய்வாளர்களும் அதைச் சோதித்து, விளக்கு அமைத்து, 1958-ல் வெளியிட்டார்கள். பிரசவ வார்டுகளில் இன்று எரியும் நீல விளக்கு அங்கிருந்து வந்தது. மறுபக்கம், ஆஸ்திரேலியாவின் எலிசபெத் கென்னி. போலியோவால் செயலிழந்த கை கால்களைக் கட்டுப்போட்டு அசையாமல் வைத்த காலத்தில், அவர் சூடான கம்பளி ஒற்றடமும் அசைவுப் பயிற்சியும் கொடுத்தார். 1938-ல் குவீன்ஸ்லாந்து விசாரணை ஆணையம் அவர் முறையை நிராகரித்தது. பின்னர் அமெரிக்காவில் அது பரவி, அசையாமல் கட்டிவைக்கும் வழக்கம் மறைந்தது. ஆனால் நோயின் காரணம் பற்றி அவர் சொன்ன விளக்கம் நிலைக்கவில்லை. கண்டது சரி, சொன்ன காரணம் பிழை. ஆகவே செவிலியரின் கணிப்புக்குச் சலுகை வேண்டாம். மருத்துவரின் கணிப்பைப் போலவே அதைக் கேட்கவும் பதியவும் சோதிக்கவும் வேண்டும். ஒருவருக்கு அது கிடைத்தது. மற்றவர் அதற்காகக் காலமெல்லாம் சண்டையிட்டார்.

இன்னொரு மறுப்பு நம் காலத்தது: இனி கணிப்பே தேவையில்லை, மதிப்பெண் போதும். மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடி, நினைவு, உடல்வெப்பம் ஆகியவற்றுக்கு எண் கொடுத்துக் கூட்டும் முறையைப் பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது. கூட்டுத்தொகை 7-ஐ எட்டினால் அவசரநிலை. களைத்த செவிலியரின் நைட் டியூட்டியில் இது பெரிய காவல் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் சிலருக்கு ஆக்சிஜன் 88 முதல் 92 சதவீதம் இருப்பதே போதும். அதற்காக 2017-ல் தனி அளவுகோல் சேர்க்க வேண்டியிருந்தது. எந்த நோயாளிக்கு எந்த அளவுகோல் என்பதை அந்த எண்ணே சொல்லாது. முதியவருக்குக் கடும் தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு ரத்தக்கசிவிலும் நாடி ஏறாமல் இருக்கலாம். அதனால்தான் மதிப்பெண் குறைவாக இருந்தாலும் செவிலியருக்குக் கவலை இருந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும் என்று அந்த வழிகாட்டுதலே சொல்கிறது. நைட்டிங்கேல் சராசரியைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கையை மதிப்பெண் வகுத்தவர்களே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

நம் நாட்டில் இந்த வாதத்துக்கு இன்னொரு முகம் உண்டு. சென்னை பொது மருத்துவமனையில் 1871-ல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் 1909-ல் தொடங்கிய செவிலியர் பள்ளி 1946-ல் பட்டப்படிப்பைத் தந்தது. அதே 1946-ல் வெளிவந்த நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை, 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்று கணக்கிட்டது. ஆளில்லாத வார்டில் கணிப்பைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் 2002-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா ஐக்கன் குழு, ஒரு செவிலியர் பார்க்கும் அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடும்போது 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டது. வார்டில் நேரமில்லாமல் போகும்போது முதலில் தவறுவது, நோயாளி மாறுவதைக் கவனிக்கும் கண். அதனால் செவிலியர் நியமனத்தைச் சம்பளச் செலவாகவும், அவர்கள் எழுதும் குறிப்பைக் கேஸ் ஷீட்டின் சடங்காகவும் பார்க்கும் நிர்வாகம், தன்னிடம் உள்ள நோயறியும் திறனில் பெரும்பகுதியைத் தானே வீணாக்குகிறது. ஆள் எண்ணிக்கை, முடிவெடுக்கும் அதிகாரம், எழுதியதைப் படித்துப் பதில் சொல்லும் மருத்துவர் ஆகிய மூன்றும் சேர்ந்து கிடைக்காதவரை, கணிப்பைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதால் மட்டும் வார்டில் எதுவும் மாறப்போவதில்லை.