பழைய மிரர்லெஸ் கேமரா வணிகம்

பயன்படுத்திய மிரர்லெஸ் கேமராவை வாங்குதல், விற்றல், வித்தியாசத் தொகை கொடுத்துப் புதிய மாடலுக்கு மாறுதல் ஆகியவை சேர்ந்தது இவ்வணிகம். பாடி, லென்ஸ், அடாப்டர் ஆகியவை தனித்தனியே விலைபோகும். அடுத்த மாடல் வந்ததும் பாடியின் விலை சரியும். நல்ல லென்ஸின் விலை நெடுநாள் நிற்கும்.

வரலாறு: 2008இல் பானசோனிக் லூமிக்ஸ் ஜி1, 2013இல் முழுச்சட்ட சென்சார் கொண்ட சோனி ஏ7, 2018இல் நிக்கான் இசட், கேனான் ஆர் வரிசைகள் வெளிவந்தன. நிக்கானின் பழைய எஃப் மவுண்டுக்கும் (லென்ஸ் பொருந்தும் வளையம்) சென்சாருக்கும் இடைவெளி 46.5 மி.மீ.; இசட் மவுண்டில் 16 மி.மீ. மட்டுமே. மிச்ச இடத்தை அடாப்டர் நிரப்புவதால் பழைய லென்ஸை விற்காமலே பாடியை மாற்றலாம். கல்யாண ஸ்டுடியோக்களுக்கு இது பெரிய ஆறுதல்.

சோதனை: ஷட்டர் எண்ணிக்கை மட்டும் போதாது; ஏனெனில் எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தவை மெக்கானிக்கல் கணக்கில் சேரா. லென்ஸ் கழற்றியதும் பெரும்பாலான மாடல்களில் சென்சார் வெளியே தெரியும். எனவே கடலூர் மாவட்டத்தில் நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்த வளையமாதேவி போன்ற புழுதி மிகுந்த ஊர்களில் தூசுச் சோதனை முதன்மையானது. எஃப்/16இல் வெறும் வானத்தைப் படமெடுத்தால் தூசு கரும்புள்ளிகளாகத் தெரியும். லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் சிலந்திவலை போன்ற பூஞ்சை புலப்படும். ஐப்பசி, கார்த்திகை ஈரம் அதை வளர்க்கும். தேய்ந்த ஹாட் ஷூ (ஃபிளாஷ் பொருத்தும் இடம்), ஊதிய ரப்பர் பிடி இரண்டும் கடும் உழைப்பின் அடையாளங்கள்.

ஆவணம்: ரசீதிலுள்ள வரிசை எண் பாடியிலுள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். ஒத்துவராத கேமரா, விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்கத் தக்கதல்ல.